கோபி பிரையன்ட்டின் இடது கால்: அறுந்த தசைநாணும் எட்டு மாதம் கழித்து உடைந்த எலும்பும்

2013 ஏப்ரல் 12, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டேப்பிள்ஸ் சென்டர். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுடன் நடந்த கூடைப்பந்து ஆட்டம் முடிய மூன்று நிமிடம் சொச்சம் இருந்தது. லேக்கர்ஸ் அணியின் கோபி பிரையன்ட் பந்தோடு பாய்வதற்காக இடது காலை ஊன்றினார், அங்கேயே விழுந்தார். தன்னைத் தடுத்து நின்ற ஹாரிசன் பார்ன்ஸிடம், காலில் உதைத்தாயா என்று கேட்டதாகப் பிறகு சொன்னார். யாரும் உதைக்கவில்லை. இடது குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலீஸ் தசைநாண் முழுவதுமாக அறுந்திருந்தது.

அதற்குப் பிறகும் எழுந்து, கோட்டுக்கு நடந்து போய், தடுப்பவர் இல்லாமல் நின்று எறியும் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் கூடைக்குள் போட்டு, 109–109 என்று சமன் செய்துவிட்டுத்தான் களத்தை விட்டுப் போனார். மறுநாள் அறுவை சிகிச்சை. டிசம்பர் 8-ல் திரும்ப ஆட வந்தார். ஆறு ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. டிசம்பர் 17-ல் மெம்ஃபிஸில் அதே இடது காலில், முழங்காலுக்குக் கீழுள்ள டிபியா எலும்பின் மேல்தட்டு உடைந்தது. அந்தப் பருவத்தில் அவர் மீண்டும் ஆடவில்லை.

அவ்வளவு பெரிய நாண் ஏன் அறுந்தது, அறுந்த பிறகு எப்படி நடந்தார், நாண் ஒட்டிய பிறகு எலும்பு ஏன் உடைந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை, தசை, நாண், எலும்பு மூன்றும் ஒரே தொடராக வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

கெண்டைக்காலின் அமைப்பு

கெண்டைக்காலில் முக்கியமான தசைகள் இரண்டு. தோலுக்கு அடியில் இரண்டு புடைப்பாகத் தெரிவது காஸ்ட்ரோக்னீமியஸ். தொடை எலும்பின் கீழ்முனையில், முழங்காலுக்குப் பின்புறம் இரண்டு தலைகளாகத் தொடங்குகிறது. அதனால் முழங்கால், கணுக்கால் என இரண்டு மூட்டுகளைத் தாண்டிப் போகிறது. அதற்கு உள்ளே தட்டையாகப் படிந்திருப்பது சோலியஸ். இது டிபியா, அதன் பக்கத்திலுள்ள ஒல்லியான ஃபிபுலா ஆகிய எலும்புகளின் பின்புறத்தில் தொடங்குவதால் கணுக்காலை மட்டும் ஆள்கிறது. முழங்காலை மடக்கினால் முதல் தசை தளர்ந்துவிடும், சோலியஸ் தளராது. கெண்டைக்கால் பயிற்சியை நீட்டிய காலிலும் மடக்கிய காலிலும் தனித்தனியாகச் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

தசை இழைகளை உறைபோல் சுற்றியிருக்கும் இணைப்புத் திசு முனையை நெருங்க நெருங்கத் திரண்டு தசைநாணாக மாறுகிறது. இரண்டு தசைகளின் நாண்களும் சேர்ந்து சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு இறங்கி, குதிகால் எலும்பின் பின்புறத்தில் பதிகின்றன. இறங்கும்போது இழைகள் நேராக வருவதில்லை, கயிற்றின் பிரிபோல ஏறத்தாழ கால் சுற்று முறுக்கிக்கொண்டு வருகின்றன. இந்த முறுக்கு நீட்சியைச் சேமித்துத் திருப்பித் தர உதவுகிறது. ஆனால் முறுக்கு இறுகும் பகுதியில் இழைகள் ஒன்றையொன்று அழுத்துகின்றன. எலும்பில் பதியும் இடத்திலிருந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே உள்ள அந்தப் பகுதிக்குத்தான் இரத்த ஓட்டமும் குறைவு. அறுவதில் பெரும்பாலானவை அங்கேயே அறுகின்றன.

நாணின் பொருள் முக்கியமாக முதல் வகை கொலாஜன் என்னும் புரதம். ஓய்வில் இருக்கும்போது அதன் இழைகள் அலையலையாகச் சுருண்டிருக்கும். 2 சதவீதம் நீண்டால் அந்த அலை நேராகிவிடும். 4 சதவீதத்தைத் தாண்டினால் நுண்ணிய இழைகள் அங்கங்கே அறத் தொடங்கும். 8 சதவீதத்தை நெருங்கினால் நாணே அறும் நிலை. 15 சென்டிமீட்டர் நாணுக்கு 8 சதவீதம் என்பது 12 மில்லிமீட்டர்தான்.

கணக்கு

ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கி நிற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தரையில் அழுந்தும் முன்பாதம் கணுக்கால் மூட்டிலிருந்து சுமார் 12.5 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. நாண் இழுக்கும் கோடு மூட்டிலிருந்து 5 சென்டிமீட்டர்தான் பின்னால். இரண்டு பக்கமும் சமனாக வேண்டுமானால் நாண் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு இழுக்க வேண்டும். பிரையன்ட்டின் எடை சுமார் 96 கிலோ. அசையாமல் நிற்கவே அவருடைய நாணில் 240 கிலோ தொங்குகிறது. கணுக்கால் மூட்டில் அழுந்துவது எடையும் இழுவையும் சேர்ந்து மூன்றரை மடங்கு, அதாவது 336 கிலோ. எலும்பின் மேல் விழும் சுமையில் பெரும்பங்கு உடல் எடையால் வருவது அல்ல, நம்முடைய தசைகளே இழுத்து ஏற்றுவது. கடைசிக் கேள்விக்கு வரும்போது இது தேவைப்படும்.

இது நிற்கும்போது. ஓடும்போது என்ன ஆகிறது என்பதை ஃபின்லாந்து ஆய்வாளர் பாவோ கோமி நேரடியாக அளந்தார். தாமாக முன்வந்தவர்களின் நாணைச் சுற்றி விசையளக்கும் சிறு கருவியைப் பொருத்தி ஓடவிட்டார். கிடைத்த உச்ச அளவு 9,000 நியூட்டன், உடல் எடையைப்போல் பன்னிரண்டரை மடங்கு. நாணின் குறுக்குப் பரப்போ முக்கால் சதுர சென்டிமீட்டர் சுமார். ஆய்வகத்தில் வைத்து இழுத்தால் நாண் அறும் அழுத்தத்துக்கு இது மிக அருகில் வருகிறது. உடலில் இத்தனை குறைந்த பாதுகாப்பு இடைவெளியோடு வேலை செய்யும் உறுப்புகள் அதிகம் இல்லை.

அந்த ஓர் ஊன்றல்

முன்னால் பாயப்போகிறவர் ஒரு காலை உடலுக்குப் பின்னால் வைத்து ஊன்றி உந்துவார். அந்த நொடியில் முழங்கால் நிமிர்கிறது, அதனால் காஸ்ட்ரோக்னீமியஸின் மேல்முனை மேலே இழுபடுகிறது. குதிகால் தரையை நோக்கி இறங்கிப் பாதம் முன்புறம் மடிகிறது, கீழ்முனை கீழே இழுபடுகிறது. அதே நேரத்தில் தசை முழுப் பலத்தோடு சுருங்க முயல்கிறது. சுருங்க முயலும் தசையை வெளிவிசை நீட்டும்போதுதான் தசை தரும் விசை உச்சத்துக்குப் போகும், குறுகிக்கொண்டே இழுக்கும்போது அல்ல. 2019 ஜூன் 10-ல் இன்னொரு கூடைப்பந்து வீரரான கெவின் டுரான்ட்டுக்கு வலது கால் நாண் அறுந்ததும் பாயத் தொடங்கும் ஊன்றலில்தான். ஷட்டில் ஆடுகிறவர்களுக்குப் பின்கோட்டிலிருந்து முன்னே பாயும்போது அறுவதும் இதே அசைவில்தான்.

ஆனால் அந்த அசைவை அவர் பல ஆயிரம் முறை செய்திருப்பார். அன்றைக்கு மட்டும் ஏன்? வயது 34. இரண்டு நாள் முன்பு போர்ட்லாந்தில் ஓய்வே இல்லாமல் 48 நிமிடமும் ஆடியிருந்தார். கடும் உழைப்புக்குப் பிறகு முதல் ஒன்றரை நாள் வரை நாணில் கொலாஜன் கட்டப்படுவதைவிடச் சிதைவதுதான் அதிகம். அதன் பிறகே கணக்கு வரவுப் பக்கம் திரும்பும். இடைவெளி போதாமல் அடுத்த சுமை ஏறினால் சிதைவு சேர்ந்துகொண்டே போகும்.

இதைவிட முக்கியமான செய்தி வேறொன்று. டென்மார்க் ஆய்வாளர்கள் 2013-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பனின் அளவை வைத்து அக்கிலீஸ் நாணின் வயதைக் கணித்தபோது, அதன் நடுப்பகுதித் திசு சுமார் 17 வயதோடு கட்டி முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. தசையும் எலும்பும் இப்படி இல்லை, இரண்டும் வாழ்நாள் முழுக்கத் தம்மைப் புதுப்பித்துக்கொள்பவை. பிரையன்ட் பள்ளி முடித்த கையோடு 1996-ல், 18 வயதில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏ-வுக்கு வந்தவர். இந்தக் கணக்குப்படி, பதினேழு பருவங்களின் சுமையை ஏற்றது பெரும்பாலும் அவர் பள்ளி நாளில் உருவான நாண்தான்.

அறுந்த பிறகு நடக்க முடிந்தது எப்படி

பாதத்தைக் கீழே அழுத்தும் தசைகள் இன்னும் இருக்கின்றன. டிபியாலிஸ் போஸ்டீரியர், விரல்களை மடக்கும் இரண்டு நீள் தசைகள், வெளிப்பக்கத்தில் பெரோனியஸ் தசைகள் ஆகியவற்றின் நாண்கள் கணுக்கால் முட்டிகளுக்குப் பின்னால் ஓடி பாதத்துக்குள் போகின்றன. மூட்டுக்கு மிக அருகில் ஓடுவதால் நெம்பும் தூரம் சிறிது, பலமும் சிறிது. குதிகாலைத் தூக்க அவற்றால் ஆகாது. பாதத்தைத் தட்டையாக வைத்து, சிறு அடியாக நடக்க அவை போதும். ஃப்ரீ த்ரோவுக்குக் குதிக்க வேண்டியதில்லை. பிரையன்ட் அன்று நடந்ததும் அப்படித் தட்டைப் பாதத்தில்தான், நின்றதும் அப்படித்தான்.

இதுவே நோயறிதலில் பெரிய பொறி. “காலை அசைக்கிறார், நடக்கிறார், அப்படியென்றால் சுளுக்குதான்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முழுமையாக அறுந்த நாண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் பரிசோதனையில் தவறவிடப்படுகிறது. நோயாளியைப் பாதத்தை அசைக்கச் சொல்வது பரிசோதனையே அல்ல. செய்ய வேண்டியது இது:

நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, பாதங்கள் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விட வேண்டும். கெண்டைச் சதையை அதன் அகலமான இடத்தில் இரண்டு பக்கமும் பிடித்து அழுத்த வேண்டும். நாண் முழுதாக இருந்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். அறுந்திருந்தால் அசையாது. நல்ல காலில் முதலில் செய்து பார்த்துக்கொண்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அடுத்து, படுத்தபடியே இரண்டு முழங்காலையும் 90 டிகிரிக்கு மடக்கச் சொல்ல வேண்டும். நல்ல பாதம் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்கும், அறுந்த கால் பாதம் தளர்ந்து மட்டமாகிவிடும். விரலால் தடவினால் குதிகாலுக்கு நான்கைந்து சென்டிமீட்டர் மேலே ஒரு பள்ளம் தட்டுப்படலாம். ஆனால் சில மணி நேரத்தில் இரத்தம் கட்டி அந்தப் பள்ளம் நிரம்பிவிடும். பள்ளம் இல்லை என்பதை வைத்து நாண் நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது. ஐயம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் போதும்.

மருத்துவமனைக்குப் போகும்வரை காலை ஊன்ற வேண்டாம். விரல்நுனி கீழே பார்க்கும்படி பாதத்தைச் சாய்த்து அட்டை வைத்துக் கட்டினால் அறுந்த முனைகள் கிட்டே வரும். துணி சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைக்கலாம். எண்ணெய் போட்டு வழித்துச் சுளுக்கெடுப்பது இங்கே நேரடியான கேடு: முனைகள் விலகும், அந்த விலகல் பிறகு நாணின் நீளமாகவே நிலைத்துவிடும்.

தையலா, கட்டா

பிரையன்ட்டுக்கு நீல் எல்அட்ராஷும் ஸ்டீஃபன் லொம்பார்டோவும் மறுநாளே தையல் போட்டார்கள். தொழில்முறை வீரருக்கு இதில் இரண்டு கருத்து இருக்காது. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. 2022-ல் வெளியான நார்வே ஆய்வில் நோயாளிகளைக் கட்டு மட்டும், திறந்த அறுவை, சிறுதுளை அறுவை என மூன்று பிரிவாகப் பிரித்து, 526 பேரின் முடிவுகளைப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் காலின் செயல்திறனில் மூன்று பிரிவுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. கட்டும் பூட்ஸும் மட்டும் போட்டவர்களில் 6.2 சதவீதம் பேருக்கு நாண் மறுபடி அறுந்தது, அறுவை செய்த இரண்டு பிரிவிலும் 0.6 சதவீதம் பேருக்குத்தான். நரம்புக் காயம் இதற்கு நேர்மாறு: கட்டுப் போட்டவர்களில் 0.6, திறந்த அறுவையில் 2.8, சிறுதுளை அறுவையில் 5.2 சதவீதம். நாணின் வெளிப்புறமாக ஓடும் சூரல் நரம்பு ஊசிக்கு எளிதில் சிக்குவதால்தான் இந்த நிலை. சர்க்கரை நோய் உள்ளவர், புகைப்பவர், அலுவலக வேலை பார்ப்பவர் என்றால் கட்டு நியாயமான தேர்வு. ஆனால் அதை முதல் நாட்களிலேயே, பாதத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்துத் தொடங்க வேண்டும்.

எந்த வழியானாலும் உண்மையான எதிரி நாண் நீளமாக ஒட்டிக்கொள்வதுதான். தசையின் உள்ளே பார்த்தால் காரணம் புரியும். தசை இழைக்குள் சார்கோமியர் என்னும் அலகுகள் வரிசையாக இருக்கின்றன. மெல்லிய ஆக்டின் இழைகளைத் தடித்த மயோசின் இழைகளின் தலைகள் பிடித்து இழுக்கும்போது அலகு குறுகுகிறது. எத்தனை தலைகள் பிடிக்க முடியும் என்பது இரண்டும் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. மனிதத் தசையில் ஒரு சார்கோமியர் சுமார் 2.7 மைக்ரோமீட்டர் நீளத்தில் இருக்கும்போது பிடி உச்சம். அதைவிட நன்றாகக் குறுகிவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று முட்டிப் பலம் விழுந்துவிடும். சோலியஸின் இழைகள் நான்கைந்து சென்டிமீட்டர் நீளமே உள்ளவை. நாண் ஒன்றரை சென்டிமீட்டர் நீண்டு ஒட்டினால், அந்தத் தொய்வை எடுக்கவே இழை தன் நீளத்தில் பெரும்பகுதியைச் செலவழிக்கிறது. குதிகாலை மேலே தூக்கும் கடைசிக் கட்டத்தில் இழுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. தையலிடும்போது இரண்டு காலையும் கிருமிநீக்கிய துணி விரித்துத் தயாராக வைத்து, ஓய்வில் நல்ல பாதம் சாய்ந்திருக்கும் கோணத்தோடு ஒப்பிட்டு இழுவையை நிர்ணயிப்பது இதற்காகத்தான். பிந்தைய வாரங்களில் கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சியை அவசரமாகத் தொடங்குவது இந்த வேலை முழுவதையும் கெடுத்துவிடும்.

வழக்கமான கால அட்டவணை இப்படிப் போகும். முதல் இரண்டு வாரம் பாதம் சாய்ந்த நிலையில் கட்டு. பிறகு குதிகாலுக்கு அடியில் ஆப்புகள் வைத்த பூட்ஸ், அதில் எடை ஊன்றி நடக்கலாம். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஓர் ஆப்பாக எடுத்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் பாதத்தை மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை மட்டத்துக்கு மேலே மடக்கக் கூடாது. மூன்றாம் மாதவாக்கில் இரண்டு காலிலும் குதிகால் தூக்குதல், பிறகு ஒற்றைக்காலில். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் மெதுவான ஓட்டம். ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம். நடுவில் கெண்டைக்காலில் புது வீக்கமோ வலியோ வந்தால் தையலைக் குறை சொல்லிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். இந்தத் தசைகள் சுருங்கித்தான் காலின் இரத்தம் மேலே ஏறுகிறது. அவை கட்டுக்குள் ஓய்ந்து கிடக்கும்போது ஆழ்நாளத்தில் இரத்தம் உறையும் ஆபத்து அதிகம். அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகள் தசைநாணைப் பலவீனப்படுத்தும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008 முதலே கட்டமிட்ட எச்சரிக்கை தருகிறது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். நம் ஊரில் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் மாத்திரைகள் இவை. சாப்பிடும் நாட்களில் குதிகால் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

டிசம்பரில் உடைந்த எலும்பு

எலும்பின் வெளிச்சுவர் அடர்த்தியான புறணி. மூட்டை ஒட்டிய முனைகளில் அந்தச் சுவர் மெலிந்து, உள்ளே சல்லடைபோன்ற பஞ்சு எலும்பு நிறைகிறது. டிபியாவின் மேல்தட்டு முழுக்க இப்படிப்பட்டதுதான்: குருத்தெலும்புக்கு அடியில் மெல்லிய தட்டு, அதைத் தாங்குவது பஞ்சு எலும்பின் சிறு தூண்கள். தூண்கள் சுமை விழும் திசையில் தடித்து நிற்கும், சுமை இல்லாத இடத்தில் மெலிந்துவிடும். ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-ல் விதியாக எழுதியது இதைத்தான். உட்பக்கத் தட்டு வலுவானது, வெளிப்பக்கத் தட்டு அதைவிட மெலிவானது. பிரையன்ட்டுக்கு உடைந்தது வெளிப்பக்கம்.

இனி அந்தக் கணக்குக்குத் திரும்பலாம். எலும்பின் சுமையில் பெரும்பங்கு தசை ஏற்றுவது என்றால், கெண்டைத் தசை மாதக்கணக்கில் ஓய்ந்திருந்த காலில் எலும்புக்குப் போன செய்தி என்ன? இவ்வளவு தூண் தேவையில்லை என்பதுதான். பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் ஓர் இடத்தைத் தோண்ட சில வாரம் போதும். அதே இடத்தில் புது எலும்பு நிரம்ப மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். நிரம்பிய பிறகும் தாது ஏறிக் கெட்டிப்பட இன்னும் பல மாதம். எட்டாம் மாதத்தில் நாண் ஆட்டத்தைத் தாங்கும் அளவுக்கு ஒட்டியிருக்கலாம், ஆனால் அந்தக் காலின் எலும்புக்கு உண்மையான குதிப்பும் தரையிறக்கமும் திரும்பக் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருக்கும். போதாததற்கு, தரையில் இறங்கும்போது டிபியா முன்னே சாய்வதைக் கட்டுப்படுத்திப் பிடிப்பது சோலியஸ். அது மெலிந்திருந்தால் அதிர்ச்சி முழங்காலுக்குப் போகும். ஒரே ஒருவருடைய காலை வைத்து இதுதான் காரணம் என்று அறுதியிட முடியாது. மூட்டு திருகினால் நல்ல எலும்பும் உடையும். ஆனாலும் இந்த வரிசையைப் பார்த்த பிறகு, தையல் ஆறிய தேதியை மட்டும் வைத்து ஒருவரை ஆட அனுப்புவது சரியல்ல என்பதே எங்கள் முடிவு.

பார்க்க வேண்டியவை வேறு. ஒற்றைக்காலில் குதிகாலை எத்தனை முறை தூக்குகிறார் என்று எண்ணுவதோடு, எவ்வளவு உயரம் தூக்குகிறார் என்று சுவரில் அளவுகோல் ஒட்டிப் பார்க்க வேண்டும். 25 முறை தூக்கியும் உயரம் மற்ற காலைவிடக் குறைந்தால் நாண் நீண்டிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே ஒரே தூரத்தில் இரண்டு கெண்டைச் சதையின் சுற்றளவையும் நாடா வைத்து அளக்க வேண்டும். குதித்து இறங்கும் பயிற்சியை ஆட்டத்துக்குத் திரும்பும் தேதிக்கு மூன்று, நான்கு மாதம் முன்பே, குறைந்த எண்ணிக்கையில், இடைநாள் விட்டுத் தொடங்கி ஏற்ற வேண்டும். எலும்புக்குத் தேவை நீண்ட நேர ஓட்டம் அல்ல, இடைவெளி விட்ட சில கூர்மையான சுமைகள்.

மெம்ஃபிஸில் முழங்கால் அடிபட்ட பிறகும் பிரையன்ட் களத்துக்குத் திரும்பி ஆடினார். தட்டு முறிவு பிளந்து விலகாதவரை அது முடியும், எக்ஸ்ரேயிலும் சில சமயம் தெரியாது. மூட்டுக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்க எலும்பில் விரல் வைத்து அழுத்தும்போது ஒரே இடத்தில் வலி, சில மணி நேரத்தில் முழங்கால் வீங்குதல், படியிறங்கும்போது குத்துதல் இருந்தால், எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் எம்ஆர்ஐ எடுக்கும்வரை அந்தக் காலை ஊன்றக் கூடாது.